புதுப்பிப்பு: ஃபேக்டோரியோவில் என் ஆலை நின்றுபோனதன் காரணம்

ஃபேக்டோரியோ என்ற, ஆலை கட்டி நடத்தும் கணினி விளையாட்டில், எதிரிகளைச் சுடும் லேசர் கோபுரங்களை அமைத்த பிறகு மின்சாரம் படிப்படியாகக் குறைந்து, இறுதியில் ஆலை முழுவதும் நின்றுவிடுகிறது என்று இரண்டு வாரங்களுக்கு முன் எழுதியிருந்தேன். மின்சாரம் தரும் நீராவி எஞ்சின்களைக் கூட்டுமாறு பலர் கூறினீர்கள். பத்து எஞ்சின்களைச் சேர்த்தும் பயனில்லை. 1.8 மெகாவாட் கொதிகலன் ஒன்று 900 கிலோவாட் எஞ்சின்கள் இரண்டுக்குத்தான் போதுமானது என்பதால், கொதிகலன்களைக் கூட்டாமல் எஞ்சின்களை மட்டும் கூட்டுவது வீண்.

உண்மையான காரணத்தைக் காட்டியவர், கடலூரில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த, நெய்வேலியில் அனல்மின் பணியில் இருக்கும் என் அத்தான். திரையைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "நிலக்கரியைக் கொதிகலனில் போடும் இயந்திரக் கைகள் எந்த மின்சாரத்தில் ஓடுகின்றன?" என்று கேட்டார். அவை அதே ஆலையின் மின்சாரத்தில்தான் ஓடின. கோபுரங்கள் மின்சாரத்தை இழுக்கும்போது அந்தக் கைகள் மெதுவாகி, நிலக்கரி குறைந்து, நீராவி குறைந்து, அதனால் மின்சாரம் மேலும் குறைந்து, இந்தச் சுழற்சி தன்னைத்தானே இறுக்கிக்கொண்டே சென்றிருக்கிறது. எவ்வளவு அழகான கேள்வி!

கொதிகலன்களுக்கு முன் நிலக்கரியை எரித்தே இயங்கும் பழைய வகைக் கைகளை வைத்தேன். தாங்கள் தூக்கும் நிலக்கரியிலிருந்தே அவை தமக்கான எரிபொருளை எடுத்துக்கொள்கின்றன. கொதிகலன்களையும் எஞ்சின்களையும் ஒன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் சீர்படுத்தினேன். அதன்பின் பல தாக்குதல்கள் வந்தும் ஆலை ஒருமுறைகூட நிற்கவில்லை.