சமைத்த கறி பறிமுதல்: டிஎன்ஏ சோதனைக்கு மாதிரி எடுப்பது எப்படி?

சரகப்பணி
குழம்போடு பாத்திரம் பறிமுதல். புள்ளிமான் என்று சந்தேகம். பிடிபட்டவர் வெள்ளாடு என்கிறார். தோல், கொம்பு எதுவும் இல்லை. கறியை ஃபார்மலினில் போட்டு அனுப்பலாமா? குக்கரில் வெந்ததில் டிஎன்ஏ மிஞ்சுமா?

மரபணுமேசை
ஃபார்மலின் வேண்டவே வேண்டாம் சார். டிஎன்ஏவைப் புரதத்தோடு பிணைத்து, துண்டு துண்டாக்கிவிடும். மெத்திலேட்டட் ஸ்பிரிட்டும் கூடாது.

குழம்பை அள்ளி அனுப்பாதீர்கள். கெட்டியான துண்டுகள் நாலைந்து போதும், எலும்பு ஒட்டியிருந்தால் நல்லது. காய்ச்சி வடித்த நீரில் மசாலாவை அலசி, மேல்பாகத்தைச் சீவி எறிந்துவிட்டு, நடுச்சதையைப் பட்டாணி அளவுக்கு நறுக்குங்கள். 95 சதவீதத்துக்கு மேற்பட்ட எத்தனாலில் போட வேண்டும். வெந்த கறியில் நீர் அதிகம், எத்தனால் நீர்த்துப்போகும். மறுநாள் மாற்றலாம் என்றால் அதற்குள் சீல் வைத்திருப்பீர்கள். ஆகவே முதலிலேயே கறியைப் போல் பத்து மடங்கு ஊற்றிவிடுங்கள்.

ஒரு துண்டுக்கு ஒரு குப்பி. ஒரே சட்டியில் ஆட்டுக்கறியும் மான்கறியும் கலந்திருக்கலாம். சேர்த்து அரைத்தால் இரண்டு விலங்குகளின் டிஎன்ஏ வரிசைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து படிக்கவே முடியாது.

குக்கர் சூட்டில் டிஎன்ஏ நொறுங்கும், அழிந்துவிடாது. இனத்தை அடையாளம் காட்டும் டிஎன்ஏ பகுதியான சிஓஐ பார்கோடின் 658 கார இணைகளும் கிடைப்பது கஷ்டம். அதிலேயே 150 இணை அளவுள்ள சிறு துண்டு, மினி பார்கோடு, பெரும்பாலும் கிடைக்கும்.

சரகப்பணி
எத்தனால் கைவசம் இல்லையென்றால்?

மரபணுமேசை
ஐஸ் பெட்டியில் கொண்டுபோய் மைனஸ் 20-இல் வையுங்கள். உருகி உருகி உறைவதுதான் கெடுதல். எலும்பை நன்றாக உலர்த்தி, காகித உறையில் அனுப்பலாம்.

மகஜர்
ஆய்வகத்தைவிட கோர்ட்டில்தான் கேஸ் அதிகம் விழும். குப்பி எண்ணும் மகஜரில் (பறிமுதல் பதிவில்) உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கணும். சீல் மாதிரியைத் தனிக் காகிதத்தில் பதித்து அனுப்புங்கள். துண்டுக்குத் துண்டு கையுறை, பிளேடு மாற்றுங்கள். இல்லாவிட்டால் மனித டிஎன்ஏவே முடிவாக வந்து நிற்கும். கறி போடாத எத்தனால் குப்பி ஒன்றையும் சேர்த்து அனுப்பினால், மாதிரி எடுக்கும்போது கலந்தது என்ற வாதத்துக்குப் பதில் கிடைக்கும். வெட்டிய கத்தி கிடைத்தால், ரத்தக்கறையை ஈரப் பஞ்சுக்குச்சியில் ஒற்றி, உலர்ந்த பிறகே காகித உறையில் போடுங்கள். பிளாஸ்டிக்கில் பூஞ்சை பிடிக்கும்.

இணைவரிசை
மான், ஆடு பிரிப்பது சைட்டோகுரோம் பி என்ற மைட்டோகாண்ட்ரியா மரபணுவுக்கு எளிது. காட்டுப்பன்றி என்றால்தான் தலைவலி: அதுவும் வீட்டுப்பன்றியும் ஒரே இனம், அறிக்கையில் ‘பன்றி’ என்று மட்டும்தான் வரும். காட்டுமாடும் நாட்டுமாடும் கலந்த கன்று என்றால், மைட்டோகாண்ட்ரியா தாய்வழியை மட்டுமே காட்டும். இந்த இரண்டிலும், தாய் தந்தை இருவழியையும் காட்டும் உட்கரு டிஎன்ஏ சோதனை வேண்டும் என்று கோரிக்கைக் கடிதத்திலேயே கேளுங்கள். ஹைதராபாத் லாகோன்ஸ் ஆய்வகம், டேராடூன் வன உயிரின நிறுவனம், எங்கே அனுப்பினாலும் படிவத்தை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.

இன்னொன்று: மசாலாவும் கொழுப்பும் பிசிஆரை, அதாவது டிஎன்ஏவைப் படியெடுத்துப் பெருக்கும் வேலையை, தடுக்கும். ‘பெருக்கம் இல்லை’ என்று வந்தால் அது ஆட்டுக்கறி என்று அர்த்தமில்லை. டிஎன்ஏவைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்து மறுபடி ஓட்டச் சொல்லுங்கள்.