வண்டியில் போன் மாட்டிய பிறகு கேமரா ஆடுகிறது. ஹோல்டர்தான் காரணமா?

ஒத்தைசிலிண்டர்:
வணக்கம். மூன்று வாரமாக மண்டை காய்கிறது, விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். என்னிடம் இருப்பது 2014 மாடல் 350 சிசி ஒற்றை சிலிண்டர் வண்டி. போன மாதம் திருச்சியிலிருந்து கொல்லிமலை போவதற்காக ஹேண்டில்பாரில் ஒரு மொபைல் ஹோல்டர் மாட்டினேன். அலுமினியம், நான்கு மூலையிலும் நகம் மாதிரி பிடித்துக்கொள்ளும், பின்னால் இருக்கும் திருகைச் சுற்றினால் அப்படியே இறுகிவிடும். முசிறி, தொட்டியம், நாமக்கல், சேந்தமங்கலம் என்று போய், காரவள்ளியில் ஏற ஆரம்பித்து 70 கொண்டை ஊசி வளைவும் முடிகிற வரைக்கும் போன் இம்மி அசையவில்லை. அவ்வளவு பலமான பிடி.

ஆகாய கங்கை அருவிக்கு அத்தனை படியும் இறங்கிப் போய், மூச்சு வாங்க நின்று, படம் எடுக்கலாம் என்று கேமராவைத் திறந்தால் திரையில் எல்லாமே தண்ணீருக்குள் பார்க்கிற மாதிரி நெளிகிறது. போனைக் காதருகே வைத்தால் உள்ளே வண்டு சிக்கிக்கொண்ட மாதிரி "டர்ர்" என்று ஒரு சத்தம். ரீஸ்டார்ட் செய்தேன், வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் அழித்து ரீசெட் கூடச் செய்து பார்த்தேன், மாறவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால் 0.5 என்று வைத்து அகலமாக எடுத்தால் படம் சுத்தமாக வருகிறது. செல்ஃபியும் சரியாக இருக்கிறது. 1 என்று வைத்தால்தான் ஆட்டம்.

பழுது பார்க்கும் கடையில் "கீழே போட்டிருப்பீர்கள்" என்கிறார்கள். சத்தியமாகப் போடவில்லை.

கூடவே இன்னும் இரண்டு தொந்தரவு. மதிய வெயிலில் திரை தானாக மங்கி மேப் கண்ணுக்கே தெரியவில்லை. அப்புறம், வண்டியில் சார்ஜர் மாட்டியிருந்தும் 80 சதவீதத்தில் கிளம்பி நாமக்கல் தாண்டும்போது 52.

இதைவிட விலை கூடின, இன்னும் பலமான ஹோல்டர் வாங்கினால் சரியாகுமா?

செல்கடைக்காரன்:
பிடி பலமாக இருந்தது என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்களே, வினையே அங்கேதான். நீங்கள் கீழே போட்டிருக்க மாட்டீர்கள், நம்புகிறேன், இந்த மாதிரி மாதத்துக்கு ஒன்றிரண்டு போன் என் மேசைக்கே வருகிறது.

உங்கள் போனில் மெயின் கேமராவுக்குக் கை நடுக்கத்தைச் சரிக்கட்டுகிற அமைப்பு இருக்கிறது, ஓஐஎஸ் என்பார்கள். லென்ஸ் ஓரிடத்தில் ஒட்டி இருக்காது. முடி மாதிரி மெல்லிய ஸ்பிரிங்குகளில் தொங்கும், சுற்றிலும் குட்டிக் காந்தமும் கம்பிச் சுருளும் இருக்கும். உங்கள் கை எந்தப் பக்கம் நடுங்குகிறது என்று போனில் இருக்கும் கைரோ சென்சார் பார்த்துச் சொல்ல, அதற்கு எதிர்ப் பக்கமாக லென்ஸ் நகரும். மனிதக் கை நொடிக்குச் சில தடவை மெதுவாக ஆடும், அதற்குத் தகுந்த மாதிரி செய்த சாமான் இது. உங்கள் இன்ஜின் 3000 ஆர்பிஎம்மில் ஓடினால் நொடிக்கு 50 சுற்று, அதாவது நொடிக்கு 50 உதறல். அதை இரும்புக் குழாய், அலுமினிய ஹோல்டர், போன் சட்டம் என்று இடையில் மெத்தென்று ஒன்றுமே இல்லாமல் நேராக லென்ஸுக்கு அனுப்பியிருக்கிறீர்கள், அதுவும் மூன்று நான்கு மணி நேரம். ஸ்பிரிங் தளர்ந்துவிடும், அல்லது லென்ஸ் தன் நடு இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் அல்லாடும். நீங்கள் கேட்கிற "டர்ர்" அந்த அல்லாட்டம்தான்.

0.5 சரியாக வருவதற்கும் காரணம் இதுவே. பெரும்பாலான போன்களில் அந்த அகல லென்ஸுக்கு ஓஐஎஸ் கிடையாது, தொங்குவதற்கு அங்கே ஒன்றும் இல்லை, அதனால் தப்பித்தது.

இது என் கற்பனை இல்லை. 2021 செப்டம்பரில் ஆப்பிளே இதைப் பற்றி ஓர் அறிவிப்பு போட்டது. சக்தி வாய்ந்த மோட்டார் சைக்கிள் இன்ஜின்களின் அதிர்வு ஹேண்டில்பார் வழியாக ஏறி ஐபோன் கேமராவைக் கெடுக்கலாம், அப்படிப்பட்ட வண்டிகளில் போனை நேரடியாக மாட்ட வேண்டாம், மொபெட், ஸ்கூட்டர் மாதிரி சின்ன வண்டிகளில் மாட்டினால் கூட அதிர்வைத் தணிக்கும் ஹோல்டர் போடுங்கள் என்று. அவர்கள் வெளிப்படையாகச் சொன்னார்கள், அவ்வளவுதான். ஓஐஎஸ் உள்ள எந்தக் கம்பெனி போனுக்கும் இது பொருந்தும்.

இதற்கு ரீசெட் உதவாது. பக்கத்தில் காந்தம் வைத்தால் ஆட்டம் நிற்கும் என்று வீடியோ போடுவார்கள், அது லென்ஸை ஒரு பக்கமாக இழுத்துப் பிடிக்கிறது, எடுத்தவுடன் பழையபடி ஆடும். கேமரா மாட்யூலை மாற்றுவதுதான் வழி. மாற்றியபின் அதே ஹோல்டரில் மாட்டினால் மறுபடி என்னிடம்தான் வருவீர்கள், எனக்கு வியாபாரம்.

ராத்திரி_டெலிவரி:
நான் மூன்று வருடமாகச் சாப்பாடு டெலிவரி, 110 சிசி ஸ்கூட்டர், ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் போன் வண்டியிலேயே இருக்கிறது, நூற்றைம்பது ரூபாய் ஹோல்டர். கேமராவுக்கு ஒன்றும் ஆகவில்லை. சும்மா பயமுறுத்தாதீர்கள்.

செல்கடைக்காரன்:
அண்ணே, உங்கள் போன் என்ன விலை?

ராத்திரி_டெலிவரி:
ஒன்பதாயிரம்.

செல்கடைக்காரன்:
அந்த விலை போனில் ஓஐஎஸ் வராது. கெடுவதற்கு உள்ளே ஆளே இல்லை. அதோடு உங்கள் ஸ்கூட்டர் இன்ஜின் சின்னது, ஊருக்குள் ஓட்டுகிறீர்கள். இவர் 350 சிசி வண்டியை நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் மணிக்கணக்காக ஓட்டியிருக்கிறார்.

ராத்திரி_டெலிவரி:
சரி, அது நியாயம்தான். ஆனால் என் அனுபவத்தில் முதலில் சாவது சார்ஜ் பின் தான். வண்டி ஆட ஆட ஒயர் முனை உள்ளே உரசி ஓட்டை பெரிதாகிவிடும். இரண்டு தடவை மாற்றிவிட்டேன். இப்போது எல் மாதிரி வளைந்த முனை உள்ள ஒயர் வாங்கி, கொஞ்சம் தொங்கல் விட்டு, ஹோல்டரோடு ஒரு ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைக்கிறேன். ஒயரின் கனம் பின் மேல் விழாது. இன்னொன்று, சிக்னலில் நிற்கும்போது போன் மேல் ஒரு கண் இருக்கட்டும். இழுத்தால் வந்துவிடும் ஹோல்டர்தான் முக்கால்வாசி.

பழையகிக்கர்:
தம்பி, போனை விடு, முதலில் வண்டியைப் பார். உன் வண்டி வயதுக்கு இன்ஜினில் அதிர்வைச் சமன் செய்கிற பேலன்சர் ஷாஃப்ட் இருக்காது, அதிர்வு கூடப் பிறந்தது. அது வேறு. ஆனால் இன்ஜினைச் சட்டத்தோடு பிடிக்கும் ஃபவுண்டேஷன் போல்ட் ஒன்று லூசாக இருந்தாலும் அதிர்வு இன்னும் கூடி மேலே வரும். கை மரத்துப் போகிறதா? கண்ணாடியில் பின்னால் வருகிற லாரி கலங்கலாகத் தெரிகிறதா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் ஹோல்டர் வாங்கும் காசை மெக்கானிக்கிடம் கொடு.

ஹோல்டரை எங்கே மாட்டினாய் என்று சொல்லவில்லையே? கண்ணாடித் தண்டில் மாட்டினாயா?

ஒத்தைசிலிண்டர்:
ஆமாம் அண்ணா, இடது கண்ணாடித் தண்டில்தான். ஹேண்டில்பாரில் என்று பொதுவாக எழுதிவிட்டேன். நடுவில் மாட்டினால் சாவி போடும் இடம் மறைகிறது, மீட்டரும் தெரியவில்லை. கை ஆமாம் மரத்துப் போகிறது, ஆனால் இந்த வண்டிக்கு அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

சைக்கிள் டியூபை வெட்டித் தண்டில் சுற்றித்தான் மாட்டினேன், அதனால் அதிர்வு போகாது என்று நம்பினேன்.

பழையகிக்கர்:
அட, கெட்ட இடம் பார்த்து மாட்டியிருக்கிறாய். தூண்டில் கழியின் நுனி எப்படி ஆடுமோ அப்படி, கண்ணாடித் தண்டு மெல்லியது, மேலே நீட்டிக்கொண்டு நிற்கிறது, அதன் மேல் கால் கிலோ கனத்தை வைத்தால் கேட்கவே வேண்டாம். ஹேண்டில்பாரின் முனைகளை விட நடுப்பகுதி குறைவாக அதிரும், அதை வண்டியோடு பிடிக்கும் கிளாம்ப் இருக்கும் இடத்துக்கு எவ்வளவு பக்கத்தில் மாட்டுகிறாயோ அவ்வளவு நல்லது. சாவி மறைந்தால் சிறிய கை ஒன்று வைத்து ஒரு விரல்கடை மேலே தூக்கு, ரொம்பத் தூக்காதே, அதுவும் தூண்டில்தான்.

டியூப் சுற்றியது வீண். நீ திருகை இறுக்கியவுடன் ரப்பர் நசுங்கிக் கல் மாதிரி ஆகிவிடும், அப்புறம் அது ரப்பரும் இல்லை. அதிர்வைத் தின்ன வேண்டுமென்றால் ரப்பருக்குக் கொஞ்சம் அசைய இடம் வேண்டும்.

மாட்டியபின் ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசி வரைக்கும் திருப்பிப் பார், டேங்கில் இடிக்கிறதா, கிளட்ச் கேபிளை இழுக்கிறதா என்று. இதைப் பார்க்காமல் மாட்டிவிட்டு, கொண்டை ஊசி வளைவில் ஹேண்டில் பாதி திரும்பி நின்றுபோய் விழுந்த ஒரு ஆளை எனக்குத் தெரியும்.

செல்கடைக்காரன்:
அண்ணன் சொன்னது சரி. அதிர்வு தணிப்பான் என்று தனியாகவே விற்கிறார்கள், குவாட் லாக் மாதிரி கம்பெனிகள் அவர்கள் ஹோல்டருக்கென்றே செய்கிறார்கள், ஹோல்டருக்கும் போனுக்கும் நடுவே சிலிகோன் ரப்பர் புஷ் வைத்தது. போனைப் பிடித்து லேசாக அசைத்தால் மெத்தென்று ஆட வேண்டும். ஆடாவிட்டால் பெயருக்குத்தான் ரப்பர். ஆனால் உங்கள் வண்டியில் அதுவும் பாதி பாதுகாப்புதான் என்பேன். நானாக இருந்தால் வீட்டில் தூங்கும் பழைய போன் ஏதாவது இருந்தால் அதை வண்டிக்கு நேர்ந்துவிடுவேன்.

வயரிங்_வாத்தியார்:
சார்ஜ் விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். உங்கள் சார்ஜர் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 5 வோல்ட் 1 ஆம்பியர் என்று இருந்தால் அது வெறும் 5 வாட். திரை முழு வெளிச்சம், ஜிபிஎஸ், டேட்டா எல்லாம் சேர்ந்து அதைத் தின்றுவிடும், ஓட்டை வாளியில் தண்ணீர் பிடித்த கதை. 18 வாட்டாவது தருகிற சார்ஜர் வேண்டும்.

அதைவிட முக்கியம், எங்கே இணைத்திருக்கிறீர்கள்? நேராக பேட்டரியில் இணைத்தால் வண்டி நிற்கும்போதும் சார்ஜர் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும், பத்து நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தால் செல்ஃப் எடுக்காமல் போகலாம். சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வருகிற ஒயரிலிருந்து எடுங்கள், நடுவில் ஃபியூஸ் கட்டாயம். கடைக்காரர் ஃபியூஸ் இல்லாமல் முறுக்கி டேப் சுற்றிக் கொடுப்பார், வாங்காதீர்கள்.

திரை மங்குவது கோளாறு அல்ல. போன் சூடாகிறது, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வெளிச்சத்தைக் குறைக்கிறது, சார்ஜ் ஏறுவதையும் நிறுத்தும். ஐபோனுக்கு ஆப்பிள் சொல்லும் வெளி வெப்பநிலையே 35 டிகிரி வரைதான், நம் ஊர் மே மாதத்தில் நிழலிலேயே 40. கவரைக் கழற்றிவிட்டு மாட்டுங்கள். மழைக்கென்று விற்கும் ஜிப் வைத்த பிளாஸ்டிக் பைக்குள் வெயிலில் போடவே போடாதீர்கள், இட்லிப் பானை அது.

ஒரு தலைக்கு இரண்டு கண்:
வேறு ஒரு சந்தேகம். போலீஸ் பிடித்தால்? வண்டி ஓட்டும்போது போன் தொட்டாலே ஃபைன் என்கிறார்களே.

வயரிங்_வாத்தியார்:
2020 அக்டோபர் 1 முதல் அமலுக்கு வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தத்தில், வழி பார்க்க மட்டும், ஓட்டுநரின் கவனம் சிதறாத விதத்தில் பயன்படுத்தலாம் என்று இருக்கிறது. மாட்டி வைத்து மேப் பார்ப்பது சரி. ஓடும் வண்டியில் கையில் பிடித்துப் பேசினால் தப்பு, மாட்டி வைத்த போனிலேயே ரீல்ஸ் தள்ளிக்கொண்டு போனாலும் தப்புதான். முகவரி மாற்ற வேண்டுமென்றால் ஓரமாக நிறுத்தி மாற்றுங்கள்.

அதோடு, எதற்குத் திரையையே பார்க்க வேண்டும்? கூகுள் மேப்பில் தமிழிலேயே குரல் வைக்கலாம். ஹெல்மெட்டுக்குள் ஒட்டும் ப்ளூடூத் ஸ்பீக்கர் போட்டால் போன் சட்டைப் பையிலேயே இருக்கலாம். நான் இரண்டு வருடமாக அப்படித்தான். ஊருக்குள் சந்து பொந்தில் குரல் கொஞ்சம் குழப்பும், வெளியூர்ப் பாதைக்கு அதுவே போதும்.

ஒத்தைசிலிண்டர்:
பன்னிரண்டு நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும், எல்லாவற்றையும் செய்து முடித்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

கேமரா மாட்யூல் மாற்றியாகிவிட்டது, 4,500 ரூபாய் போயிற்று. ஆட்டமும் சத்தமும் நின்றுவிட்டன. கழற்றியதைக் கேட்டு வாங்கி வந்தேன், லேசாக ஆட்டினாலே உள்ளே கடகடவென்கிறது, மகனின் கிலுகிலுப்பை தோற்றது.

மெக்கானிக்கிடம் காட்டியதில் ஃபவுண்டேஷன் போல்ட் ஒன்று கையால் திருகும் அளவுக்கு லூசு. பழையகிக்கர் அண்ணா, உங்கள் வாயில் சர்க்கரை. அதை இறுக்கியபின் அதே வேகத்தில் கண்ணாடியில் லாரி நம்பர் படிக்க முடிகிறது.

அம்மாவின் பழைய போனை வண்டிக்கு வாங்கிக்கொண்டேன், ஓஐஎஸ் இல்லை. கிளாம்ப் பக்கத்தில் நடுவில் மாட்டி, ஹேண்டிலை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன், இடிக்கவில்லை. அதற்கு என் போனிலிருந்து ஹாட்ஸ்பாட், என் போன் பைக்குள். கொல்லிமலையில் பல இடத்தில் டவர் கிடைக்காது என்று போன தடவையே தெரியும் என்பதால் நாமக்கல் பக்கத்து மேப் முழுவதையும் வீட்டு வைஃபையில் இறக்கி வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மறுபடி போய் வந்தேன், காலை ஆறு மணிக்கே கிளம்பியதால் திரை மங்கவில்லை, மதியம் திரும்பும்போது மட்டும் கொஞ்சம் மங்கியது, அதற்குள் வழி மனப்பாடம்.

சார்ஜர் 18 வாட் போட்டேன். 80 இல் கிளம்பி நாமக்கல்லில் 91.

வயரிங்_வாத்தியார்:
ஃபியூஸ்?

ஒத்தைசிலிண்டர்:
3 ஆம்பியர் போட்டேன் சார். கடைக்காரர் எதற்கு என்று கேட்டார், நின்று வாங்கிப் போட வைத்தேன்.