நாய்ப் பல்லுல ஒட்டுறதுக்கு என்ன பேரு வைக்க? (அவசரம்)

நாகர்கோவில்:
எல்லாருக்கும் வணக்கம். வெறிநாய்க்கடி தடுப்பூசி முகாமுக்கு வாறவங்க கையில குடுக்க நாய், பூனை பல் பராமரிப்பு நோட்டீஸ் ஒண்ணு தமிழ்ல ஆக்கிட்டு இருக்கேன், புதன்கிழமை அச்சுக்குப் போகணும். பல்லுல கல்லு மாதிரி இறுகிப் பிடிக்க டார்ட்டருக்கு ஒரு சொல்லு, அதுக்கு முந்தின நிலைக்கு ஒரு சொல்லு, ரெண்டு வேணும். முந்தினதை பிளாக்னு எழுதுனா கருப்புன்னு நினைக்காங்க, பிளேக்னு எழுதுனா கொள்ளைநோய். ஒரே சொல்ல வச்சு ஒப்பேத்தவும் முடியாது, நோட்டீஸோட உயிரே அந்த வித்தியாசத்துலதான் நிக்கி. மொதல்ல வழவழன்னு கிருமிப் படலம், பிரஷ் போட்டா போயிரும். விட்டுட்டா எச்சில்ல உள்ள கால்சியம் ஏறி சில நாள்லயே இறுகிரும், பிறகு என்ன தேய்ச்சாலும் போகாது, டாக்டர் மயக்கம் குடுத்துதான் எடுக்கணும். பற்படலம், பற்காறைன்னு வச்சிருக்கேன், சரியா?

தக்கலை:
அண்ணாச்சி, றகரம் தப்பு. காறை கழுத்துல போடுத நகை, சுவர்ல பூசுதது காரை. பற்காரைன்னு போடுங்க, பொருத்தமான சொல்லு. எங்க பத்மநாபபுரம் கொட்டாரத்து (அரண்மனை) தரை சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்துப் போட்டதுன்னு சொல்வாங்க, அதுவும் காரை வகைதான், இன்னும் முகம் பாக்கலாம். கொட்டாரம் நம்ம மாவட்டத்துல, நிர்வாகம் கேரளா, அத வேற நாள் பேசுவோம்.

திருவட்டாறு:
பல் என்பதை விடப் பழம்பெருமை எயிற்றுக்கு உண்டு. 'பாலொடு தேன்கலந் தற்றே பணிமொழி வாலெயிறு ஊறிய நீர்', குறள் 1121. ஈறு என்பதும் எயிற்றின் மரூஉ என்பதே என் துணிபு. ஆகவே எயிற்றுப்படலம், எயிற்றுச்சுண்ணம்.

மார்த்தாண்டம்:
ஐயா கோவிச்சுக்கப்பிடாது, நாய் நோட்டீஸ்ல வாலெயிறுன்னு கண்டா வால்ல பல்லு முளைச்சிருக்கோன்னு கேப்பாங்க. அதுவும் அந்தக் குறள் காதலி வாயில ஊறுன நீரப் பத்துனது, இங்க வாய் நாத்தத்துக்கு மருந்து தேடுதோம். ஊத்தைப்பல்லுன்னா குமரி மாவட்டத்துல சின்னப்பிள்ளைக்கும் தெரியும். மொதல் நிலை ஊத்தை, இறுகினா காரை, முடிஞ்சு. பிறகு, நாய்க்கு எங்க விளவங்கோடு பாஷைல பட்டின்னு போட்டுராதிய, கிழக்க போனா மாட்டுத் தொழுவம்.

நாகர்கோவில்:
டாக்டர்ட்ட காட்டுனேன், ஊத்தைன்னா வையுத மாதிரி இருக்குன்னு முகம் சுளிக்காரு.

குளச்சல்:
பாசின்னு வைக்கலாமே, பல்பாசி. வழுக்கும், ஒட்டும், விட்டா படரும். அப்புறம் ஒரு சந்தேகம், சாளை மீன் முள்ளு திங்கிற பூனைக்குப் பல்லு தானா சுத்தமாகும்னு எங்க அம்மா சொல்லுவா, நிசமா?

தக்கலை:
பாசின்னா பச்சையா தேடுவாங்க, பாசிமாலையும் இருக்கு.

நாகர்கோவில்:
முள்ள நம்பாதீங்க, தொண்டைல குத்தும். வேகவச்ச எலும்பும் சிலும்பா உடையும், கட்டி எலும்பு கடிச்சா பல்லே பிளந்துரும்னு நோட்டீஸ்லயே இருக்கு. நம்ம பேஸ்டும் போடக்கூடாது, நாய்க்குத் துப்பத் தெரியாது, சிலதுல இருக்க சைலிட்டால்ங்கிற இனிப்பு நாய்க்கு விஷம். வீட்டு நாயோட மேலுதட்டத் தூக்கி கடைவாய்ப்பல்லோட வெளிப்பக்கம் பாருங்க, அங்கதான் எச்சில் சுரப்பி வாய் திறக்குது, அதான் காரை பழுப்பா மொத்தையா அங்க மொதல்ல பிடிக்கும். நாய்க்கு 42 பல்லு, பூனைக்கு 30, அத்தனையும் தேய்க்கச் சொன்னா யாரு கேப்பா? வெளிப்பக்கம் மட்டும் தேய்ச்சாலே பெருசு. சரி, டாக்டர் அந்தக் காரைய எடுக்காருல்லா, அந்த ஸ்கேலிங்குக்கு என்ன?

தக்கலை:
சுரண்டல்.

மார்த்தாண்டம்:
'உங்கள் நாய்க்குச் சுரண்டல் தேவை'ன்னு போட்டா யூனியன்காரங்க வந்துருவாங்க அண்ணே. காரை எடுப்புன்னு போடலாம்.

குளச்சல்:
ஸ்கேலிங்னே இருக்கட்டும், ஆஸ்பத்திரில அப்படித்தான் கேக்கப் போறாங்க.

திருவட்டாறு:
அப்படியானால் டாக்டர், பிரஷ், பேஸ்ட் எல்லாமே இருக்கட்டும், நாம் எதற்கு இருக்கிறோம்?

நாகர்கோவில்:
ஐயா, அச்சுக்காரர் ரெண்டு தடவ கூப்பிட்டுட்டாரு. நம்ம அஞ்சு பேருல மூணு பேரு சொன்னதால காரை, ரகரம். ஊத்தைக்கு டாக்டர் அரைமனசா தலையாட்டிட்டாரு, 'பல் ஊத்தை'ன்னு ஒரு சொல்லு முன்னால சேர்த்ததால. ஸ்கேலிங் அப்படியே போகுது.

திருவட்டாறு:
காரைக்கு நான் சம்மதிக்கவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். அடுத்த பதிப்பில் சுண்ணம் பற்றி மீண்டும் எழுதுவேன்.

குளச்சல்:
பாசிக்கு என் ஓட்டையும் சேர்த்து எழுதிக்கோங்க.