தறுவாய்த் தத்து: 'மாட்சுகோ யோஷி'க்கு ஒரு முன்மொழிவு

வணக்கம்.

ஜப்பானிய வரலாற்று நூலொன்றை நாம் தமிழாக்குவதற்குக் கலைச்சொல் தேடும் இந்த இழையில், 'மாட்சுகோ யோஷி'க்கு இதுவரை நாலைந்து சொற்கள் வந்துவிட்டன. முதலில் பொருளைத் தெளிவாக்கிக்கொண்டால் சொல்லைத் தேர்வது எளிது. எடோ கால ஜப்பானில் (1603–1868) ஒரு சிற்றரசர் ஆண் வாரிசு இல்லாமல் சாகக் கிடக்கும்போது அவசர அவசரமாக எடுத்துக்கொள்ளும் தத்துதான் 'மாட்சுகோ யோஷி'. தொடக்கத்தில், ஜப்பான் முழுவதையும் ஆண்ட படைத்தலைவரான ஷோகனின் அரசாங்கம் இதை ஏற்கவில்லை. வாரிசை முன்கூட்டியே பதிந்துவைக்காமல் செத்துப்போனால் நாடு பறிபோகும். அந்தக் குடும்பத்தை நம்பியிருந்த சாமுராய்களின் பிழைப்பும் கூடவே போகும். அப்படிப் பிழைப்பிழந்து திரிந்த ரோனின்கள் பெருகிப்போய், 1651இல் யூயி ஷோசெட்சு என்பவர் தலைமையில் ஆட்சியைக் கவிழ்க்கவே திட்டம் போட்டார்கள். சதி அம்பலமாகி அடக்கப்பட்டது. ஆனால் அரசாங்கத்துக்குப் பயம் வந்துவிட்டது. 50 வயதுக்கு உட்பட்டவர் கடைசி நேரத்தில் தத்தெடுத்தாலும் செல்லும் என்று அதே ஆண்டு விதியைத் தளர்த்தினார்கள். 17 வயது நிரம்பாதவருக்கும் 50ஐத் தாண்டியவருக்கும் 1683இல்தான் வழி பிறந்தது.

> 'மரணப்படுக்கைத் தத்து' போதுமே ஐயா? எல்லாருக்கும் சட்டென்று புரிகிறது.

புரிகிறது, மறுக்கவில்லை. என் தயக்கம் வேறு. படுக்கையில் ஒருவர் உயிரோடு கிடக்கிறார், பக்கத்தில் உறவினர்கள் நிற்கிறார்கள் என்ற காட்சியை அது வாசகருக்குக் கொடுத்துவிடுகிறது. நடைமுறையில் பல நேரம் படுக்கையில் கிடந்தது பிணம். அரசாங்கத்துக் கண்காணிப்பாளர் வந்து, இது உள்ளபடியே அவருடைய விருப்பம்தானா, முத்திரை அவருடையதுதானா என்று பார்க்கவேண்டும் என்பது விதி. வருகிறவர் திரைக்கு இந்தப் பக்கம் உட்காருவார், அந்தப் பக்கம் இருப்பவர் 'உயிரோடு' இருப்பார், தாள் நகரும். எல்லாருக்கும் தெரிந்த நாடகம்தான்.

தத்து சம்பந்தப்படாத ஒரு நிகழ்வு இதற்கு நல்ல சாட்சி. 1860இல் ஷோகன் அரசின் தலைமை அமைச்சர் ஈ நவோசுகேயை ஷோகனின் தலைநகர் எடோவில் (இன்றைய டோக்கியோ) கோட்டையின் சகுரதா வாசலுக்கு வெளியே வெட்டிச் சாய்த்துத் தலையைக் கொண்டுபோனார்கள். அவருடைய ஹிகொனே குடும்பமோ, 'காயம்பட்டு ஓய்வில் இருக்கிறார்' என்று மனு கொடுத்தது. அரசாங்கம் உடல்நலம் தேற ஜின்செங் வேர் அனுப்பியது! கொலை நடந்தது பழைய நாட்காட்டிப்படி மூன்றாம் மாதம் 3ஆம் தேதி. கோதொகுஜி கோயிலில் உள்ள அவர் கல்லறையில் பொறித்திருப்பது 28ஆம் தேதி. வாரிசுரிமை சிக்கலில்லாமல் மகனுக்குப் போகவேண்டும் என்பதற்காகத் தலை இல்லாதவர் தாளில் உயிரோடு இருந்தார். அதனால் நம் சொல் படுக்கையைச் சொல்லக்கூடாது, நேரத்தைச் சொல்லவேண்டும் என்பது என் கட்சி.

> நம் பாடநூலில் உள்ள 'வாரிசு இழப்புக் கொள்கை'யோடு இணைத்து ஒரு சொல் ஆக்கலாம்.

வேண்டாம் அம்மா. அந்தக் கொள்கையால் இந்திய அரசுகளைப் பறித்த ஆங்கிலேயத் தலைமை ஆளுநர் டல்ஹௌசி தத்தையே ஏற்க மறுத்தார். ஷோகன் அரசு தத்தை ஏற்றது, மனு நேரத்துக்கு வந்து சேர்ந்திருக்கவேண்டும் என்றுதான் கேட்டது. இரண்டையும் ஒரே சொற்குடும்பத்தில் கட்டினால் தஞ்சாவூரும் ஜப்பானும் ஒன்று என்று மாணவர் நினைத்துக்கொள்வார். நாடு பறிபோவதற்கு (ஜப்பானியத்தில் 'கையெகி') தனியாக 'நாடுபறிப்பு' என்று வைத்துக்கொள்ளலாம்.

நேரம் ஏன் முக்கியம் என்பதற்கு நம் மொழிபெயர்ப்பு நூலின் நாயகக் குடும்பமே எடுத்துக்காட்டு. யோனெசாவா நாட்டு உயெசுகிகள். 1598இல் ஐஸுவுக்கு மாற்றப்பட்டபோது குடும்பத் தலைவர் ககெகட்சுவின் நில மதிப்பு 12 லட்சம் கொகு (அரிசி விளைச்சலால் நிலத்தை மதிப்பிடும் அளவு, கீழே விளக்குகிறேன்). செகிகஹாராப் போரில் பிற்பாடு ஷோகனான இயெயாசுவுக்கு எதிர்ப்பக்கம் நின்றதற்காக 1601இல் யோனெசாவாவுக்குத் தள்ளப்பட்டு 3 லட்சமாகக் குறைந்தார். குறைந்தபோதும் ஆட்களைக் கழற்றிவிடவில்லை. ஆயிரக்கணக்கான சாமுராய்க் குடும்பங்களைக் கையோடு கூட்டிவந்தார். பெருமையான செயல்தான், கஜானாவைக் கேட்டால் வேறு கதை சொல்லும்.

அப்புறம் 1664. மூன்றாம் தலைமுறைத் தலைவர் சுனகட்சு இருபதுகளின் நடுவில் இருந்தவர், பிள்ளை இல்லை. எடோவில் ஒரு நாள் கோட்டையிலிருந்து திரும்பும் வழியில் தங்கை கணவர் கிரா வீட்டில் தேநீர் குடித்தார். அன்றிரவே கடும் வயிற்றுவலி. ஒரு வாரத்துக்குள் ஆள் போய்விட்டார். நஞ்சு வைத்தார்கள் என்ற பேச்சு அன்றிலிருந்து உண்டு, நிரூபணம் கிடையாது. நமக்கு வேண்டியது அதுவல்ல. 17க்கும் 50க்கும் இடைப்பட்ட வயது, 1651 தளர்வின்படி முழுத் தகுதி உள்ளவர். நோயில் கிடந்த அந்தச் சில நாட்களில் வாரிசு மனு ஒன்று போயிருந்தால் நாடு முழுசாகத் தங்கியிருக்கும். போகவில்லை. சட்டப்படி மொத்த நாடும் பறிபோகவேண்டியது. சுனகட்சுவின் மாமனாரும் முன்னாள் ஷோகன் இயெமிட்சுவின் தம்பி முறையுமான ஹொஷினா மசயுகி இடையில் புகுந்து பேசியதால், கிராவுக்கும் சுனகட்சுவின் தங்கைக்கும் பிறந்து ஒரு வயதுகூட நிரம்பாத குழந்தையை வாரிசாக ஏற்றார்கள். அந்தக் குழந்தைதான் பிற்பாடு சுனநோரி. தண்டனையாக 3 லட்சம் 1.5 லட்சமானது. இன்றைய ஃபுகுஷிமா நகர வட்டாரமான ஷினோபு சமவெளி கைவிட்டுப் போனது. சாமுராய்க் குடும்பங்களோ அப்படியே இருந்தன.

இந்தக் கிராவை நீங்கள் அறிவீர்கள். இறந்த தங்கள் தலைவனுக்காக 47 ரோனின்கள் பழிவாங்கும் புகழ்பெற்ற கதையில் கொல்லப்படும் அதே கிராதான். அவர் பெற்ற பிள்ளை உயெசுகி நாட்டுக்குத் தலைவரான பிறகு, கிரா வீட்டுக் கடனையும் மாளிகைச் செலவையும் உயெசுகி கஜானாவே சுமக்க நேர்ந்தது. தத்து ஒரு வழிப்பாதையாகவும் இல்லை. சுனநோரியின் இரண்டாவது மகன் திரும்ப கிரா வீட்டுக்கே தத்துப் போனான். தாத்தா கொல்லப்பட்ட இரவில் காயம்பட்டான். சரியாகத் தற்காக்கவில்லை என்று அவனைச் சிறைவைத்தார்கள், 1706இல் காவலிலேயே இறந்தான்.

> 'சுவீகாரம்' என்ற பழகிய சொல் இருக்க 'தத்து' எதற்கு? செட்டிநாட்டில் 'பிள்ளை கூட்டுதல்' என்றே சொல்வார்கள், அழகாக இருக்கிறது.

'பிள்ளை கூட்டுதல்' எனக்கும் பிடித்த சொல். ஆனால் பங்காளிகள் கூடி, நாள் பார்த்து, நிதானமாகச் செய்யும் காரியம் அது. இங்கே நடப்பது ஓட்டமும் பதற்றமும். சுவீகாரத்தை எதிர்க்கவில்லை, முன்னொட்டு சேர்த்தால் நீளமாகிவிடுகிறது. 'சாகும் தறுவாயில்' என்று நாம் அன்றாடம் சொல்கிறோம் இல்லையா? அந்தத் 'தறுவாய்' போதும்: தறுவாய்த் தத்து. 'தறுவாய்' மட்டும் சாவைக் குறிக்காதே என்று கேட்கலாம். 'மாட்சுகோ' என்பதன் எழுத்துகளுக்கும் 'இறுதிக் காலம்' என்றுதான் பொருள், சாவு உள்ளே ஒளிந்திருக்கிறது. 'இறுவாய்த் தத்து' என்றும் யோசித்தேன். இலக்கியச் சொல்லாக நன்று, ஆனால் அச்சுப்பிழை என்று யாராவது திருத்திவிடுவார்கள்.

இப்போது பணம் பக்கம். கொகு பற்றி ஒரு வேண்டுகோள்: 'கொக்கு' என்று தட்டச்சு செய்யாதீர்கள். '3 லட்சம் கொக்குகளை இழந்தார்' என்று ஒரு வரைவில் படித்தேன். பறவைச் சரணாலயம் நினைவுக்கு வருகிறது. ஒரு கொகு சுமார் 180 லிட்டர் அரிசி, ஒரு ஆள் ஒரு வருடம் சாப்பிடும் அளவு என்று கணக்கு. 'கொகுதகா'வை 'வருமானம்' என்று மொழிபெயர்த்ததும் தப்பு. அது நிலத்தின் மதிப்பிட்ட மொத்த விளைச்சல். அதில் ஒரு பங்குதான் வரியாகத் தலைவருக்கு வரும், அதிலிருந்துதான் சாமுராய்ச் சம்பளம், எடோ மாளிகை, ஆண்டுமாற்றி எடோவுக்குப் பரிவாரத்தோடு போய்வரும் செலவு எல்லாம். 'விளைமதிப்பு' என்று எழுதலாம். ஷோகன் ஏட்டில் உள்ள மதிப்பும் நிலத்தில் உண்மையில் விளைவதும் வேறாக இருக்கும் என்பதால் 'ஏட்டு விளைமதிப்பு', 'கள விளைமதிப்பு' என்று பிரித்துக்கொள்வோம்.

18ஆம் நூற்றாண்டில் உயெசுகிகளின் வறுமை எடோவில் கேலிப்பொருள். புதுப் பாத்திரத்தின் உலோக வாடை போகவேண்டுமா, 'உயெசுகி' என்று ஒரு தாளில் எழுதி ஒட்டு என்பார்களாம். உலோகத்துக்கும் பணத்துக்கும் ஜப்பானியத்தில் ஒரே சொல், 'கனெ'. இதற்கு அடிக்குறிப்புப் போட்டே ஆகவேண்டும், வேறு வழியில்லை. 1764இல் தலைவர் ஷிகெசதா நாட்டையே ஷோகனிடம் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று யோசிக்கும் அளவுக்கு நிலைமை. உறவினர்கள் தடுத்துவிட்டார்கள்.

சம்பளத்தில் பாதியை நாடு 'கடன்' வாங்கிக்கொள்வதாகச் சொல்லி நிறுத்திவைக்கும் வழக்கத்துக்கு 'கரியகே' என்று பெயர். திருப்பித் தரும் உத்தேசம் யாருக்கும் இல்லை. 'சம்பளக் கடன்' என்று வரைவில் உள்ளது, அது ஊழியர் வாங்கும் கடன்போலத் தொனிக்கிறது. 'கடன்பிடித்தம்' என்று வைத்தால் பெயரில் கடன், செயலில் பிடித்தம் என்ற இரண்டும் வந்துவிடும். சம்பளப் பட்டியலைப் பார்த்த யாருக்கும் 'பிடித்தம்' விளக்கம் இல்லாமல் உறைக்கும்.

1767இல் தலைவரான ஹருநோரியும் (பிற்காலப் பெயர் யோசான்) தத்துப் பிள்ளைதான். க்யூஷூவில் உள்ள தகநாபெ என்ற 27,000 கொகு நாட்டு அகிசுகி குடும்பத்து இரண்டாவது மகன், தாய்வழியில் சுனநோரியின் கொள்ளுப்பேரன். நாட்டின் கடன் 2 லட்சம் ரியோ (அன்றைய பொன் நாணயம்) என்பார்கள். தன் வீட்டுச் செலவை ஆண்டுக்கு 1,500 ரியோவிலிருந்து 209 ஆகவும், பணிப்பெண்களை 50லிருந்து 9 ஆகவும் குறைத்தார். பருத்தி உடை, ஒரு சூப், ஒரு கறி. வெளியிலிருந்து வந்த பையன் இப்படி ஆட்டிவைப்பதா என்று 1773இல் ஏழு மூத்த அதிகாரிகள் அவரைச் சுற்றிவளைத்து எதிர்ப்பு மனு கொடுத்தார்கள். விசாரணைக்குப் பின் இருவர் வயிற்றைக் கிழித்துக்கொள்ள உத்தரவானது. கடன் ஏறக்குறைய அடைபட்டது அவர் இறந்த 1822ஐ ஒட்டித்தான். நூலாசிரியர் சிக்கனத்தை மட்டும் பக்கம் பக்கமாகப் புகழ்கிறார். எடோவின் மிதானி, சகாதாவின் ஹொன்மா போன்ற வணிகர்கள் மறுபடி கடன் கொடுக்க இசைந்திராவிட்டால் பருத்தி உடையால் மட்டும் எதுவும் நடந்திருக்காது என்பது என் எண்ணம். அவர்களுக்கு 'வட்டிக்கடைக்காரர்' என்று எழுதியிருப்பதையும் மாற்றவேண்டும், 'கடனளித்த வணிகர்' போதும்.

ஹருநோரி, ஷிகெசதாவின் மகளையே மணந்தவர். இதற்கு 'முகோ யோஷி' என்று பெயர். 'வீட்டோடு மாப்பிள்ளை' என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். நம் வழக்கில் அந்தச் சொல்லில் ஒரு இளக்காரம் இருக்கிறது. இவரோ குடும்பப் பெயரையும் நாட்டையும் சேர்த்துப் பெறுகிறார். 'மருமகத் தத்து' பொருந்தும்.

மிச்சம் இருப்பது 'ஜுன் யோஷி'. ஹருநோரி 1785இல் பதவியை விட்டு விலகியபோது நாடு போனது தன் மகனுக்கு அல்ல, ஷிகெசதாவின் சொந்த மகன் ஹருஹிரோவுக்கு. அதாவது வளர்ப்புத் தந்தைக்குப் பிறந்தவனை, முறையில் தனக்குத் தம்பியாக வேண்டியவனை, மகனாகத் தத்தெடுத்துக்கொண்டார். 'வரிசைத் தத்து', 'தம்பித் தத்து' இரண்டும் என் கையில் உள்ளன, இரண்டும் திருப்தியாக இல்லை. வேறு யாருக்காவது ஏதும் தோன்றினால் வரைவு அச்சுக்குப் போகுமுன் எழுதுங்கள்.