பெர்மி பட்டியலில் பெயரில்லாத மூலம்: துடிப்பு பிடிபடேல்லை, உதவி தேவை

நிலாவெளி மதி:
வணக்கம். பெர்மி காமாக் கதிர் விண்தொலைநோக்கியின்ர பட்டியலில, பால்வீதித் தளத்துக்குக் கிட்ட, தெரிஞ்ச எந்தப் பொருளோடையும் பொருத்தாமல் விட்ட காமாக் கதிர் மூலம் ஒண்டைப் பாக்கிறன். நிறமாலை சில ஜிகா இலத்திரன்வோல்ட்டோட வளைஞ்சு விழுது, பிரகாசம் வருசக்கணக்கா ஆடேல்லை. பல்சர் (சுழண்டு துடிக்கிற நியூத்திரன் நட்சத்திரம்) மாதிரித்தான் கிடக்கு. இரவு டேட்டாவில போட்டோன் கோப்புகளை இறக்கி, ஜிடிபேரி எண்ட நிரலில, பூமி அசையிறதால வாற நேர வித்தியாசத்தைத் திருத்தி, துடிப்பு இருக்கோ எண்டு பாக்கிற எச் சோதனை ஓட்டினன். ஒரு மேடும் எழும்பேல்லை. கரண்ட் வேற அடிக்கடி போகுது.

திருமலை வாத்தியார்:
ஜிடிபேரிக்கு எந்த இடத்தைக் குடுத்தனீங்கள் பிள்ளை?

நிலாவெளி மதி:
பட்டியலில உள்ள நடுப்புள்ளியை, சேர். பிழை வட்டம் 3 வில்நிமிடம் (ஒரு பாகையில 60 வில்நிமிடம்).

திருமலை வாத்தியார்:
அங்கதான் சிக்கல். பூமி சூரியனைச் சுத்தேக்க போட்டோன் வாற நேரம் 500 செக்கன் வரை முன்பின்னாகும். 3 வில்நிமிடம் தள்ளிக் குடுத்தா திருத்தத்தில 0.4 செக்கன் வரை பிழை வரும். செக்கனுக்கு 10 தரம் சுத்துற பல்சர் எண்டா அது நாலு சுத்து! துடிப்பு முழுக்கக் கரைஞ்சுபோம். வட்டத்துக்குள்ள இடத்தைச் சிறிது சிறிதா நகர்த்தித் தேட வேணும், சுழற்சி தளருற வீதத்தையும் சேர்த்து. வருசக்கணக்கான தரவை ஒரேயடியா லப்டொப் தாங்காது. ஏறக்குறைய 6 நாளுக்குள்ள வந்த போட்டோன்களின்ர நேர வித்தியாசங்களை மட்டும் எடுத்து பூரியர் மாற்றம் (திரும்பத் திரும்ப வாற துடிப்பைப் பிடிக்கிற கணக்கு) செய்யுங்கோ. கூர்மை குறையும், ஆனா நகர்த்த வேண்டிய இடங்களும் குறையும்.

முதல்ல கெமிங்கா எண்ட தெரிஞ்ச பல்சரில ஓட்டிப் பாருங்கோ. 1970களிலயே தெரிஞ்ச மூலம், ஆனா அதின்ர 237 மில்லிசெக்கன் துடிப்பு 1992இலதான், ரோசாட் செய்மதியின்ர எக்ஸ் கதிர்த் தரவில பிடிபட்டது. ஒரு சுத்தில ரெண்டு மேடு இருக்கிறதால 118இலயும் எழும்பும், பயப்பிடாதேங்கோ. ரெண்டிலயும் வராட்டி நிரலைப் பாருங்கோ.

கோட்டையடி:
வளைஞ்சது எல்லாம் பல்சர் இல்லை. தளத்துக்குப் பின்னால பிளேசார் (எங்கட பக்கம் தாரை வீசுற தூரத்து விண்மீன் மண்டலக் கரு) ஒளிஞ்சிருக்கலாம், பால்வீதி வாயு விடுற பின்னணிக் கதிரைக் கணிக்கிற மாதிரியுரு பிழைச்சாலும் பொய் மூலம் முளைக்கும். துணை நட்சத்திரத்தோட இரட்டைத் தொகுதியில உள்ள மில்லிசெக்கன் பல்சர் (சில மில்லிசெக்கனில ஒருக்கா சுத்துறது) எண்டா இந்த வழி சரிவராது. அப்பிடிக் கனக்க பல்சர்களை ரேடியோ தொலைநோக்கிகள்தான் பெர்மி மூலங்களைப் பாத்துப் பிடிச்சது. ஸ்விஃப்ட் செய்மதிக் காப்பகத்தில எக்ஸ் கதிர்ப் புள்ளி இருக்கோ? அது இடத்தைச் சில வில்செக்கனுக்குள்ள தரும். சிடிஏ 1 எண்ட சுப்பர்நோவா எச்சத்தில 2008இல பெர்மி கண்ட 316 மில்லிசெக்கன் பல்சரும் எக்ஸ் கதிர் இடத்தை வைச்சுத்தான் பிடிபட்டது.

நிலாவெளி மதி:
கெமிங்கா 118இல நல்லா எழும்புது, சேர்! ஸ்விஃப்டில ரெண்டு புள்ளி, ரெண்டும் வட்டத்துக்குள்ள.

கோட்டையடி:
கையா செய்மதியின்ர நட்சத்திரப் பட்டியலோட ஒப்பிடுங்கோ. பிரகாசமான நட்சத்திரத்தோட பொருந்துறதைப் பிறகு பாக்கலாம், நட்சத்திரமும் எக்ஸ் கதிர் விடும். மற்றப் புள்ளியின்ர இடத்தைக் குடுத்து முதல் ஓட்டுங்கோ.