சரிபார்த்தால் சரியாக வருகிறது, விடை மட்டும் தவறு

பாளையங்கோட்டை அம்மா:
மகன் ஒன்பதாம் வகுப்பு. நீக்கல் முறைக் கணக்கு ஒன்று மூன்று நாளாக எங்கள் இருவர் தூக்கத்தையும் கெடுக்கிறது. (என்னிடம் தமிழ் விசைப்பலகைதான் இருக்கிறது, மாறிகளை க, ச என்று எழுதுகிறேன்.)

4க − 3ச = 18
4க + 5ச = 2

கழித்தால் க நீங்கிவிடும் என்றான். கழித்தான். 2ச = 16, ஆகவே ச = 8. அதை முதல் சமன்பாட்டில் பிரதியிட்டால் 4க = 42, க = 10.5. புத்தகத்தின் பின்பக்கத்தில் 3, −2 என்று இருக்கிறது. அச்சுப்பிழை என்று சாதிக்கிறான். நானும் 42 − 24 போட்டுப் பார்த்தேன். 18 சரியாகவே வருகிறது!

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்:
புத்தகம் சரி, அம்மா. 18-இலிருந்து 2-ஐ ஒழுங்காகக் கழித்த பையன், −3ச-விலிருந்து 5ச-வைக் கழிக்கும் இடத்தில் கூட்டிவிட்டான். −8ச = 16 என்று வரவேண்டும். விடைத்தாள் திருத்திய காலமெல்லாம் என் சிவப்பு மை தீர்ந்தது இந்த இடத்தில்தான்.

க-வை எந்தச் சமன்பாட்டிலிருந்து எடுத்தீர்களோ, அதிலேயே சரிபார்த்தால் எந்தப் பொய்யும் மெய்யாகும். ச = 100 என்று வையுங்கள். 4க = 318, க = 79.5. முதல் சமன்பாடு அதற்கும் தலையாட்டும்! இரண்டாவதில் போடுங்கள்: 42 + 40 = 82. வரவேண்டியது 2.

கழிக்கவே வேண்டாம் என்று சொல்லுங்கள். இரண்டாவதை −1 ஆல் பெருக்கி, −4க − 5ச = −2 என்று முழுவதும் எழுதிக் கூட்டட்டும். அந்த ஒரு வரியை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் மதிப்பெண் போகிறது.

வங்கி ஊழியர்:
ஐயா, இதில் 4க = 18 + 3ச. அதை அப்படியே இரண்டாவதில் வைத்தால் 18 + 8ச = 2. கழித்தலே இல்லையே?

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்:
நேர்த்திதான் தம்பி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கெழுக்கள், அதாவது மாறிகளுக்கு முன்னால் நிற்கும் எண்கள், 7, 5 என்று வந்தால் பின்னம் பிடித்துக்கொள்ளும்.

குறித் தொல்லை நம் பிள்ளைகளோடு தொடங்கியதும் அன்று. சீனத்தின் ‘ஒன்பது அத்தியாயங்கள்’ என்ற பழைய கணித நூலின் எட்டாம் அத்தியாயமே இந்த நீக்கல் முறைதான். குறி விதிகளையும் அங்கேயே சொல்ல வேண்டியிருந்தது. கி.பி. 263-இல் அதற்கு உரை எழுதிய லியூ ஹுய், குச்சிகளை அடுக்கிக் கணக்குப் போடும்போது நேர் எண்ணுக்குச் சிவப்புக் குச்சி, குறை எண்ணுக்குக் கருப்புக் குச்சி என்கிறார். பையனிடம் இரண்டு நிறப் பேனா கொடுத்துப் பாருங்கள்.

பாளையங்கோட்டை அம்மா:
82-ஐப் பார்த்ததும் அச்சுப்பிழைப் பேச்சு நின்றுவிட்டது, ஐயா. சிவப்பில் எழுத ஆசிரியருக்கு மட்டும்தான் உரிமையாம்; நீலமும் கருப்பும் கொடுத்திருக்கிறேன்.