சாப்பாட்டை மாத்தினா சுகர் மாத்திரை, தைராய்டு மாத்திரை ரெண்டையும் நிறுத்திடலாமா?

வைகைக்கரை:
அம்மாவுக்கு 58 வயசு. 9 வருஷமா தைராய்டு மாத்திரை, இப்ப 100 மைக்ரோகிராம். 4 வருஷமா சுகர் மாத்திரையும் உண்டு. போன மாசம் ஒரு விசேஷ வீட்டுல சொந்தக்காரர் ஒருத்தர், “சோத்தை விட்டுட்டு சிறுதானியத்துக்கு மாறுங்க, ரெண்டு மாத்திரையையும் தூக்கிப் போட்டுடலாம்”னு சொல்லியிருக்கார். அன்னையிலேர்ந்து காலையில கம்பங்கூழ், மதியம் வரகு சாதம், ராத்திரி கேழ்வரகுக் களி. உப்பு கூட இந்துப்புக்கு மாறியாச்சு. தைராய்டு மாத்திரையை நிறுத்தி மூணு வாரம் ஆச்சு. சுகர் மாத்திரை ஒருநாள் விட்டு ஒருநாள். கேட்டா “நல்லாத்தான இருக்கேன், உனக்கென்ன”ங்கிறாங்க. எனக்குப் பயமா இருக்கு. சாப்பாட்டாலயே ரெண்டும் சரியாகுமா?

கரிசல்காட்டான்:
பயப்படாதீங்க தங்கச்சி. அம்மா போற பாதை சரிதான். 2019ல எனக்கு ரத்தச் சர்க்கரையோட மூணு மாச சராசரி (ஹெச்பிஏ1சி) 9.4, எடை 91 கிலோ. மாத்திரை எழுதிக் கொடுத்தவர் சாப்பாட்டைப் பத்திச் சொன்னது “இனிப்பைக் குறைங்க”ங்கிற ரெண்டே வார்த்தை. நானாத்தான் என் தட்டைப் பார்த்தேன். காலையில அஞ்சு இட்லி, மதியம் குமிச்சு வச்ச சோறு, சாயங்காலம் வடையும் டீயும், ராத்திரி நாலு தோசை. நாள் முழுக்க மாவுதான். அதுல பாதியைக் காய், முட்டை, மீன், சுண்டல்னு மாத்தினேன். ஒரு வருஷத்துல 75 கிலோ. இப்ப மாத்திரை இல்லாம 5.8.

பிரிட்டன்ல 2017ல வெளிவந்த டைரக்ட் ஆய்வும் இதைத்தான் காட்டுச்சு. சாப்பாட்டைக் கட்டுப்படுத்தினவங்கள்ல 46 சதவீதம் பேருக்கு ஒரு வருஷத்துல மருந்தில்லாமலே சர்க்கரை நோய் வரம்புக்குக் கீழ இறங்கியிருக்கு. தமிழ்நாட்டுல 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரைன்னு 2023ல வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐசிஎம்ஆர்) ஆய்வு சொல்லுது. இத்தனை பேருக்கும் ஆயுசுக்கும் மாத்திரைதான்னு சொல்றதை என்னால ஏத்துக்க முடியாது.

உறையூர்க்காரி:
18 வருடமாக மருந்துக் கடையில் நிற்கிறேன். கரிசல் அண்ணனின் சர்க்கரைக் கணக்கை நான் மறுக்கவில்லை, ஆனால் ஆய்வில் பாதியைத்தான் சொல்கிறார். அதில் சேர்ந்தவர்கள் சர்க்கரை வந்து 6 வருடத்துக்குள் இருந்தவர்கள், இன்சுலின் போடாதவர்கள். மூன்று முதல் ஐந்து மாதம் தினமும் சுமார் 850 கலோரி, அதுவும் சூப்பும் பானமும்தான். 15 கிலோவோ அதற்கு மேலோ இளைத்தவர்களில் 86 சதவீதம் பேருக்குப் பலன். எடை கூடியவர்களில் ஒருவருக்கும் இல்லை. எடை இறங்கியதுதான் வேலை செய்தது. அரிசி இருந்த இடத்தில் அதே அளவு வரகை வைத்தால் இது நடக்காது.

தைராய்டு வேறு கதை. பெரியவர்களுக்குச் சுரப்பு குறைவது பெரும்பாலும் ஹாஷிமோட்டோ என்ற கோளாறால். நம் எதிர்ப்புச் சக்தியே அந்தச் சுரப்பியை அரித்துவிடுகிறது. சுரப்பி கொடுக்க வேண்டிய ஹார்மோனைத்தான் மாத்திரையாகத் தருகிறார்கள். அதற்கு ஈடான சாப்பாடு எதுவும் கிடையாது.

மூன்று வாரமாக நன்றாக இருக்கிறார் என்பதை நம்பாதீர்கள் வைகை. அந்த மருந்து உடம்பில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும். மோட்டாரை நிறுத்தினாலும் மேல்தொட்டியில் தண்ணீர் இருக்கும்வரை குழாயில் வரத்தானே செய்யும்? அசதி, மலச்சிக்கல், குளிர் தாங்காமை, முகவீக்கம் எல்லாம் இனிமேல்தான் தெரியும். உடனே டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

சுகர் மாத்திரையின் பெயரையும் பாருங்கள். கிளிமிபிரைடு கலந்ததாக இருந்தால், சாப்பாடு குறைந்த நேரத்தில் சர்க்கரை 70க்குக் கீழே விழலாம். வேர்த்து, நடுங்கி, படபடத்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள்.

சேலத்தான்:
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். என் பொண்ணுக்கு 11 வயசு, டைப் 1 சுகர், உடம்புல இன்சுலினே சுரக்காத வகை. வீட்டுக்கு வர்ற ஆளெல்லாம் ஆவாரம்பூ குடு, பாகக்காச் சாறு குடு, ஊசியை நிறுத்துங்கிறாங்க. ஊசியை நிறுத்தினா ரத்தத்துல அமிலம் ஏறி ரெண்டு மூணு நாள்ல பிள்ளை உயிருக்கே ஆபத்து. கரிசல் ஐயா, உங்க அனுபவத்தை எழுதுறப்ப “டைப் 2”ன்னு ஒரு வார்த்தை சேர்த்து எழுதுங்க. யாராவது படிச்சுட்டு வந்து என் மனைவிகிட்ட மறுபடி சொல்லுவாங்க.

கரிசல்காட்டான்:
சேலத்தான் தம்பி, நீங்க சொன்னதுல தப்பே இல்ல. இனிமே சேர்த்து எழுதுறேன். பாப்பா நல்லாருக்கணும்.

உறையூர் அக்காவுக்கு. என் தங்கச்சிக்கு டிஎஸ்எச் (தைராய்டு சுரப்பு குறைஞ்சா ரத்தத்துல ஏறுற அளவு) 7.1 இருந்துச்சு. மாத்திரை போடல. சாப்பாட்டை மாத்தி ஆறு மாசத்துல 3.8. அதுக்கு என்ன சொல்றீங்க? இன்னொன்னு, கம்பு தைராய்டுக்கு ஆகாதுன்னு இப்பக் கிளப்பி விடுறாங்க. எங்க பாட்டி காலம் பூரா கம்பும் சோளமும்தான். கழுத்துல கழலை வந்து நான் பார்த்ததில்ல.

உறையூர்க்காரி:
டிஎஸ்எச் 10க்குக் கீழே லேசாக ஏறியிருந்தால் பலருக்கு அது தானாகவே இறங்கிவிடும். அதனால்தான் மாத்திரை எழுதும் முன் சில மாதம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்வார்கள். உங்கள் தங்கைக்குச் சாப்பாட்டால் இறங்கியதா, தானாக இறங்கியதா என்று எப்படிப் பிரிப்பீர்கள்? 9 வருடமாக 100 மைக்ரோகிராம் போடுகிறவரை அவரோடு ஒப்பிடவே கூடாது.

கம்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம் என்பதுதான் என் எண்ணமும். அதில் தைராய்டைத் தடுக்கும் பொருள் இருக்கிறது, மரவள்ளியிலும் முட்டைகோஸிலும்கூட உண்டு. அயோடின் குறைந்த உடம்பில்தான் அது பெரிதாகக் கடிக்கும். உங்கள் பாட்டி கூழுக்குக் கடல் கருவாடு தொட்டுக்கொள்ளவில்லையா? அதில் அயோடின் உண்டு. இன்றைக்குச் சிறுதானியத்துக்கு மாறுகிறவர்கள் அயோடின் உப்பையும் சேர்த்து நிறுத்திவிடுகிறார்கள். வைகை எழுதியதில் என்னை உறுத்தியது அந்த இந்துப்புதான். 1962 முதல் கழலைத் தடுப்புத் திட்டம் நடத்தி, வீடுவீடாகக் கொண்டு சேர்த்தது அயோடின் உப்பைத்தான்.

கரிசல்காட்டான்:
கருவாடு உண்டு, ஒத்துக்கிறேன். கூழ் விஷயத்துலயும் நானே ஒன்னு சொல்லிடுறேன். வீட்டுல மெஷின் வச்சுப் பார்த்தேன். கேழ்வரகுக் கூழ் குடிச்சு ரெண்டு மணி நேரத்துல 212. சோத்துக்கும் அதுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. அளவுதான் முக்கியம்.

ஆனா ஒன்னுல விட்டுத்தர மாட்டேன். நீங்க சொன்ன அந்த 6 வருஷக் கணக்கை எந்த டாக்டரும் என்கிட்டச் சொல்லல. வைகையோட அம்மாவுக்குச் சர்க்கரை வந்து 4 வருஷந்தான் ஆகுது. அந்தம்மாகிட்டயும் யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. முறையா ஒருத்தர் சொல்லாம விட்ட இடத்துலதான் விசேஷ வீட்டுச் சொந்தக்காரர் வந்து உக்கார்றாரு.

உறையூர்க்காரி:
இதற்கு என்னிடம் பதில் இல்லை அண்ணா. தினம் நூறு சீட்டு பார்க்கிறேன், சாப்பாட்டைப் பற்றி ஒரு வரி இருக்கும் சீட்டு அபூர்வம்.

வைகைக்கரை:
நேத்து ரத்தம் குடுத்தோம். டிஎஸ்எச் 38. அம்மாவே ரிப்போர்ட்டைப் பார்த்துட்டுப் பேசாம உக்காந்துட்டாங்க. மாத்திரையை மறுபடி ஆரம்பிச்சாச்சு, ஆறு வாரம் கழிச்சு திரும்ப டெஸ்ட். சுகர் மாத்திரை மெட்ஃபார்மின் மட்டும்தான். எடை 74 கிலோ, அதைக் குறைச்சா சுகர் மாத்திரையைக் குறைக்க முடியுமான்னு டாக்டர்கிட்டயே கேட்டோம். முயற்சி பண்ணலாம்னார். கரிசல் அண்ணா, உங்க ஒரு நாள் சாப்பாட்டை அளவோட எழுதுங்களேன்.

உறையூர்க்காரி:
தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் போடச் சொல்லுங்கள். காபி அந்த மருந்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும், அதனால் அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி. சுண்ணாம்புச் சத்து, இரும்புச் சத்து மாத்திரை இருந்தால் நாலு மணி நேர இடைவெளி.

வைகைக்கரை:
அக்கா, இப்பத்தான் கேட்டேன். 9 வருஷமா காபியிலதான் முழுங்கியிருக்காங்க. 50ல ஆரம்பிச்சது எப்படி 100க்குப் போச்சுன்னு இந்த 15ஆம் தேதி டாக்டர்கிட்டக் கேக்கப் போறேன்.